நான்காவது வேலை

கோட்டாறு கம்போளத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து பிழைத்த குடும்பம் எங்களுடையது. கடையை இப்போது மகன் பார்க்கிறான். நான் காலையில் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதோடு சரி. அங்கே அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. வியாபாரத்தில் ஜெயித்தவன் கையில் ஆட்சியைக் கொடுத்தால் நாடு உருப்படும் என்கிற பேச்சு. அமெரிக்காவில் கட்டடத் தொழிலில் பெயரெடுத்த டிரம்ப் இரண்டாம் முறையும் ஜனாதிபதியான பிறகு அதற்கு வலு கூடிவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒரு இளைஞர், அப்பா விட்டுப்போன ஒரு கடையை நான்கு கடையாக்கிய கெட்டிக்காரர், நாகர்கோவில் மாநகராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறார். என்னிடம் ஆதரவு கேட்டு வந்தார். "அண்ணாச்சி, கடைய நடத்துத மாதிரி நடத்துனா போரும். எல்லாம் நேராயிரும்" என்றார். மனதில் பட்டதைத்தான் சொன்னார். அவரை ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வியாபாரியைக் குறைத்துப் பேசுவது நம் ஊரில் படித்தவர்கள் பலருக்குப் பழக்கம். எனக்கு அது பிடிக்காது. விடியுமுன் எழுந்து, வடக்கே இருந்து வரும் சரக்கின் விலையை விசாரித்து, லாரி வருமா வராதா என்ற கவலையைச் சுமந்து, சொன்ன தேதியில் சொன்ன பணத்தைக் கொடுத்து வாழ்கிறவனுக்கு ஓர் ஒழுக்கம் இருக்கிறது. வள்ளுவர் வணிகனுக்கான அறத்தை எங்கே வைத்தார் என்று பாருங்கள். நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணிச் செய்தால் அதுவே நல்ல வணிகம் என்பது அதன் கருத்து. நீதி சொல்கிறவனிடம் எதிர்பார்க்கிற குணத்தை வியாபாரியிடமும் எதிர்பார்த்தவர் அவர். இதைவிட மரியாதை வேறு என்ன வேண்டும்?

எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, 1978இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கி, தவணைக்குச் சாமான் கொடுத்தே தமிழ்நாடு முழுக்கக் கிளை பரப்பியவர் எச். வசந்தகுமார். 2014இல் கன்னியாகுமரித் தொகுதியில் தோற்றவரை 2019இல் அதே தொகுதி இரண்டரை லட்சத்துக்கும் மேலான வாக்கு வித்தியாசத்தில் மக்களவைக்கு அனுப்பியது. 2020 ஆகஸ்டில், பதவியில் இருக்கும்போதே கொரோனாவுக்குப் பலியானார். அந்தத் தேர்தல் சமயத்தில் கடைவீதியில் நான் அதிகம் கேட்டது இதுதான்: "அவருக்கு எடுக்கணும்னு இல்ல, கையில உள்ளதக் கொடுக்கத்தான் உண்டு." அவர் மீது அந்த நம்பிக்கை வைத்தவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் கஜானாவைத் திறந்து மூடுகிறவர் இல்லை. ஆகையால் அவரை வைத்து இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பொதுவாக அந்த வாதத்தை எடுத்துக்கொண்டால், பணம் இருக்கிறவனுக்குப் பண ஆசை இருக்காது என்பதைக் கம்போளத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்ல மாட்டான். போகட்டும். பைசா தொடாத வியாபாரி என்றே வைத்துக்கொள்வோம். பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவர் நேர்மையாளர், கெட்டிக்காரர், இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஆளுவதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது.

குறளில் இறைமாட்சி என்றோர் அதிகாரம். அரசனின் வேலைகளை அங்கே வள்ளுவர் நான்காகச் சொல்கிறார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததைப் பங்கிட்டுக் கொடுப்பது. முதல் மூன்றும் என் அப்பாவும் நானும் அன்றாடம் செய்த வேலை. ஒரு நல்ல வியாபாரியை அந்த மூன்றிலும் எந்த அதிகாரியும் ஜெயிக்க முடியாது. நான்காவது வேலைக்குக் கடையில் இடமில்லை. கடையில் பங்கு என்றால் கூட்டாளிகளுக்குள் லாபத்தைப் பிரிப்பது. அவரவர் போட்ட முதலுக்குத் தக்கபடி அவரவருக்கு. அரசின் பங்கு முதல் போடாதவனுக்கும் போய்ச் சேர வேண்டும். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்பதை மறந்துவிட்டு, யாருக்கு எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும். வியாபாரத்தில் ஊறிய மனசு இதற்குச் சட்டென்று திரும்பாது. என் மனசு திரும்பாது என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவின் பேரேட்டை வைத்துச் சொல்கிறேன். சித்திரைப் புதுக்கணக்கு அன்று, மஞ்சள் தடவிய புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, பழைய பேரேட்டிலிருந்து பாக்கிப் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயரும் தொகையும் வாசிப்பேன். சில பெயர்கள் வரும்போது பேனாவை எடுத்துக்கொண்டு, "அத விட்டிரு மக்கா" என்பார். ஒரு வருஷம் அப்படி விட்ட பெயர்களில் ஒன்று, சுசீந்திரத்துக்குத் தெற்கே பெட்டிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள். புருஷன் இறந்த பிறகு கடை நொடித்துப்போனது. அப்பாவின் பெருந்தன்மை எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மடித்த சாக்குகளைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கடை முன்னால் வந்து நின்றார். அப்பா அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளை விசாரித்தார். அப்புறம் மெதுவாக, "இனி பற்று வேண்டாம் தாயி, ரொக்கம் கொண்டு வந்தா எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார். அந்த அம்மாள் சாக்கைப் பிரிக்காமலே கொண்டுபோனார்.

அப்பா செய்ததில் தவறு இல்லை. கடனை விட்டவர், ஆளையும் விட்டார். அப்படி விடத் தெரியாத வியாபாரி கம்போளத்தில் தாங்க மாட்டான். என் காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். நஷ்டம் வருகிற கிளையை மூடுவது, பாக்கி வைக்கிறவனை நிறுத்துவது, ஓடாத சரக்கை எடுக்காமல் இருப்பது, இதெல்லாம் வியாபாரிக்கு உள்ள உரிமை, சொல்லப்போனால் கடமை. ஆளை விடுகிற அந்த உரிமை ஆளுகிறவனுக்குக் கிடையாது. அந்த அம்மாள் தெருவில் வேறொரு கடைக்குப் போகலாம். நாடு அவரை விட்டுவிட்டால் எங்கே போவார்?

இவ்வளவு சொன்னதும், வியாபாரிக்கு ஆளத் தெரியாது என்று நான் சொல்வதாக அந்த இளைஞர் எடுத்துக்கொண்டார். தெரியும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. விளவங்கோடு பக்கம் குன்னத்தூரில் பிறந்த கேசவபிள்ளை, பூவாறு வணிகர் போக்குமூசா மரைக்காயரிடம் கணக்கெழுதித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். அங்கிருந்து அரண்மனைக்குப் போய், படிப்படியாக ஏறி, 1789இல் திருவிதாங்கூர் திவானானார். ராஜா கேசவதாஸ் என்று வரலாறு சொல்வது அவரைத்தான். ஆலப்புழைத் துறைமுகமும் திருவனந்தபுரம் சாலைக் கம்போளமும் அவர் எழுப்பியவை. கணக்குப்பிள்ளையாக இருந்து கற்றதெல்லாம் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. எந்த இடத்தில் கப்பல் நிற்கும், எந்த வழியில் மாட்டுவண்டி வரும், எங்கே கடைவீதி அமைந்தால் சரக்கு புழங்கும் என்பதெல்லாம் சாஸ்திரம் படித்து வருவதில்லை. ஆயிரம் பேர் வியாபாரம் செய்ய இடம் பண்ணிக் கொடுத்தார். அவருக்குப் பின்னும் அது நின்றது.

1798இல் கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலமாகி, மீசை முளைக்கிற வயதில் பலராமவர்மா பட்டத்துக்கு வந்தார். கேசவதாஸ் ஒதுக்கப்பட்டார், அடுத்த ஆண்டே இறந்தும் போனார், விஷம் வைத்ததாகச் சொல்வார்கள். ஆட்சி மூன்று பேர் கைக்குப் போயிற்று. ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, தச்சில் மாத்து தரகன். மாத்து தரகன் அந்தக் காலத்தில் மலபார்க் கரையிலேயே பெரிய மர வியாபாரிகளில் ஒருவர். கஜானா காலியாக இருந்தது. மூன்று பேரும் செய்த காரியம், வசதியுள்ளவர்கள் பெயரைப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரும் இவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று கட்டளை போட்டது. கொண்டுவராதவர்களுக்குச் சவுக்கடி. பட்டியலில் தலக்குளத்து வேலுத்தம்பியின் பெயரும் இருந்தது. மூன்று நாள் தவணை கேட்டு ஊருக்கு வந்த தம்பி, பணம் திரட்டவில்லை, ஆட்களைத் திரட்டினார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊர்ஊராகக் கூடி நின்று அநியாய வரியை எதிர்த்தவர்கள் நாஞ்சில் நாட்டார். அவர்களை எழுப்புவது கஷ்டமாக இருந்திருக்காது. 1799இல் அந்தக் கூட்டம் திருவனந்தபுரத்துக்கு நடந்து போய் நின்றது. மூவரும் பதவி இழந்தார்கள். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். செட்டிக்கும் தரகனுக்கும் காது அறுபட்டது.

காது அறுத்ததை இன்றும் வீரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமை இல்லை. நான் கவனிக்கிறது, அந்த மூவரும் ஜனங்களைப் பார்த்த விதம். காலிக் கஜானாவை நிரப்ப அவர்களுக்குத் தெரிந்த வழி பாக்கி வசூல். குடிமக்கள் எல்லாரும் பற்று வைத்தவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள். கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், செங்கோலைப் பிடித்துக்கொண்டு கொடு என்று கேட்கிற அரசனை, வேல் பிடித்து வழிமறிக்கிறவனுக்குச் சமமாக வைத்தார். கேசவதாசும் கணக்குத் தெரிந்தவர், தரகனும் கணக்குத் தெரிந்தவர். மரைக்காயர் கடையில் படித்ததை எடுத்துக்கொண்டு, கடையை விட்டுவிட்டு அரண்மனைக்குள் போனவர் ஒருவர். இன்னொருவர் கடையோடு உள்ளே போனார்.

வியாபாரி ஆண்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்தியாவில் ஒருவர் ஊகிக்க வேண்டியதே இல்லை. நூறு வருஷம் ஆண்டு காட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் பங்குதாரர்கள். பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் லாபம் வேண்டும். 1770இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். மறுவருஷம் நிலவரி வசூல் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடியது. கம்பெனியின் ஏட்டில் அது நல்ல வருஷம். வசூலுக்கு நின்ற அதிகாரிகள் எல்லாரும் ராட்சசர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏட்டில் சாவுக்கு ஒரு பத்தி இல்லை, அவ்வளவுதான். இதே கம்பெனி 1805இல் திருவிதாங்கூரின் மேல் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம் ஏற்றியது. மூவரை விரட்டிப் பதவிக்கு வந்த வேலுத்தம்பியேதான் அப்போது தளவாய். அந்தச் சுமைதான் அவரைக் கடைசியில் கம்பெனியோடு மோதவைத்து, 1809இல் மண்ணடியில் சாகவைத்தது.

டச்சுக் கம்பெனியை 1741இல் குளச்சல் கடற்கரையில் தோற்கடித்த மார்த்தாண்டவர்மாவின் கதை இன்னொரு விதம். வியாபாரிகளை ஜெயித்த அந்த ராஜா தானே பெரிய வியாபாரி ஆனார். மிளகை அரசின் ஏகபோகமாக்கி, ஊருக்கு ஊர் பண்டகசாலை கட்டி, வாங்குவதும் விற்பதும் அரசே என்று வைத்தார். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் தரையின் மினுமினுப்பைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். அந்தச் செல்வத்தின் அடியில் மிளகு இருக்கிறது. ஆனால் 1750இல் அவர் செய்த காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வாளையும் நாட்டையும் பத்மநாபசுவாமியின் திருப்படியில் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டு, இனி நான் பத்மநாபதாசன், அவர் சார்பில் ஆளுகிறேன் என்றார். திருப்படித்தானம் என்பது அதுதான். அதில் ராஜதந்திரம் இருந்தது என்பார்கள். இருக்கட்டும். பரம்பரை பரம்பரையாக ஒரு ராஜவம்சம் தினமும் காலையில், இது என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. எந்த முதலாளியும் அப்படித் தொடங்குவதில்லை. தொடங்கவும் முடியாது, என்னுடையது என்கிற நினைப்புதான் கடையைத் தாங்குகிறது.

இந்த இடத்தோடு என் வாதம் முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை. சாமிதோப்பு குறுக்கே நிற்கிறது.

பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்த அதே ராஜ்யத்தில்தான் ஏழைகள் தலைவரி கட்டினார்கள். பனையேறுகிறவன் ஏணிக்கு ஏணிக்காணமும் காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணமும் கட்டினான். கூலியில்லாமல் ஊழியம் செய்தான். 1809இல் பிறந்த அய்யா வைகுண்டர் அந்த அரசை நீசம் என்று சொல்லத் துணிந்தார். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையிருந்தார். நாட்டுக்குச் சொந்தக்காரர் கடவுளே என்று எழுதி வைத்தாலும், வசூலிக்கிறவன் கண்ணுக்கு ஏழை வசூலிக்கப்படுகிறவனாக மட்டும் தெரிந்தால் எழுதி வைத்ததற்கு அர்த்தமில்லை என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை. அவர் காட்டியது பேச்சால் மட்டும் இல்லை. சாமிதோப்பில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் முந்திரிக்கிணறு வெட்டினார். ஊர்ஊராக அவர் வழி வந்தவர்கள் கூடி வழிபடும் நிழல்தாங்கல்கள் வந்தன. கிடைத்த அரிசியையும் பயறையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கி, வந்தவர் எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுத்தார்கள். அரசு செய்ய மறந்த நான்காவது வேலையை, வரி கட்டியே ஓய்ந்துபோன ஜனங்கள் தாங்களே செய்தார்கள். என் சின்ன வயதில் அம்மாவோடு ஒரு தாங்கலில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று அம்மா கேட்கவில்லை; அவரும் கேட்கவில்லை. பரிமாறியவர் சிரட்டை அகப்பையால் அளந்து ஊற்றினார். எனக்கும் அம்மாவுக்கும் அவருக்கும் ஓர் அகப்பைதான்.

ஆளுகிறவன் தொழில் என்ன என்பதைவிட, அவன் கண்ணில் யார் படுகிறார்கள் என்பதே கேள்வி என்ற இடத்துக்கு வைகுண்டர் என்னைக் கொண்டுவந்து விடுகிறார். ஆனாலும் வியாபாரியின் கண் ஒரு குறிப்பிட்ட விதத்தில் பழக்கப்பட்டது என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாங்க வல்லவன்தான் அதற்குத் தெரியும்.

அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கடைமடை. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்தால், கால்வாய்க் கால்வாயாக வந்து எங்கள் மடையை எட்டும்போது மேல்மடைக்காரன் நடவு முடித்திருப்பான். மழை குறைந்த வருஷத்தில் முறைவைத்து விடுவார்கள். அப்போதுகூட வந்துசேருவது வரப்பை நனைக்கிற அளவுதான். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே ஒரு கணக்குப் போட்டார். வழியில் மண்ணுக்குள் போகிற தண்ணீர் இவ்வளவு, கடைமடைக்கு அனுப்புகிற ஒரு பங்கை மேல்மடையிலேயே விட்டால் நெல் கூடுதலாக விளையும், கடைமடைக்காரனுக்கு வேண்டுமானால் பணமாகக் கொடுத்துவிடலாம் என்றார். கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கணக்குப்படி நடந்தால் கடைமடைக் கிராமம் என்று ஒன்று இருக்காது. மனை போட்டு விற்பார்கள், ஏற்கெனவே நிறைய விற்றாயிற்று.

மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் ஏறி நின்றால் இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. 1966இல் கட்டி முடித்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலத்துக்காரன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காக ஆற்றுக்கு மேலே ஓர் ஆறு. போட்ட முதல் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று கேட்டிருந்தால் முதல் தூண் எழுந்திருக்காது. அதற்குத் துணிந்தது காமராஜர் காலத்து அரசாங்கம். அவரே சின்ன வயதில் விருதுநகரில் மாமாவின் ஜவுளிக்கடையில் நின்றவர்தான். பிற்பாடு 1969 இடைத்தேர்தலில் எங்கள் நாகர்கோவில் தொகுதி அவரை டெல்லிக்கு அனுப்பியது.

கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. விலை விழுந்த காலங்களில் அவை நஷ்டத்தில் ஓடின. தனியாருக்குக் கொடுத்துவிடலாம் என்பது கடைவீதியின் பொது அபிப்பிராயம். ஆனால் அவை வந்த கதை வேறு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கான தமிழர்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அப்படிக் கப்பலேறி வந்தவர்களில் சிலருக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே அரசு ரப்பர் வைத்தது. 1984இல் அதற்கென்று தனிக் கழகம் உண்டாயிற்று. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பால்வெட்டப் போகிற அந்தப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியின் ஏட்டில் அவர்கள் கூலிச் செலவு. ஓர் அரசாங்கத்தின் ஏட்டில் அவர்கள், அது கொடுத்த வாக்கு. தோட்டத்தைத் திறமையாக நடத்தச் சொல்லுங்கள், அதற்கு வியாபாரியைக் கூப்பிடுங்கள், எனக்குச் சம்மதம். மூடலாமா என்று தீர்மானிக்கிற இடத்தில் அவரை வைக்க எனக்குச் சம்மதமில்லை.

வணிகக் குலத்தில் பிறந்த காந்தி, முதலாளிகளைப் பார்த்து, உங்கள் சொத்துக்கு நீங்கள் தர்மகர்த்தாக்கள் என்றார். வியாபாரியை ஆளுகிறவனின் தரத்துக்கு ஏறி வரச் சொன்னார். இன்றைக்கு நாம் ஆளுகிறவனை வியாபாரியின் தரத்துக்கு இறங்கி வரச் சொல்கிறோம். அமெரிக்காவில் சுரங்கத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த ஹூவர் 1929இல் ஜனாதிபதியானார். முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்குச் சோறு போட்டுப் புகழ் பெற்ற அதே மனிதர், சொந்த நாட்டில் வேலையிழந்து தெருவில் நின்றவர்களுக்கு அரசாங்கம் நேரே பணம் கொடுப்பது தகாது என்று பிடிவாதமாக நின்றார். பிறகு வந்த ட்ரூமன், துணிக்கடை வைத்து 1922இல் நொடித்துப்போனவர். திவால் மனுப் போடாமல் வருஷக்கணக்காகக் கடனை அடைத்தவர். இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் நான் தோற்ற கடைக்காரரைச் சொல்வேன். பாக்கி கேட்டு வருகிறவன் முன்னால் நின்ற அனுபவம் அவருக்கு உண்டு.

பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் என்று ஒரு வணிகர். பழையாறைக்காரர், பொன்னும் மணியும் துகிலும் விற்றவர். திருநல்லூரில் மடம் கட்டி அடியார்களுக்குச் சோறும் கோவணமும் கொடுத்து வந்தார். ஒருநாள் ஒரு பிரம்மசாரி கொடுத்து வைத்த கோவணம் காணாமல் போயிற்று. அதற்கு ஈடாகத் தராசில் இன்னொரு கோவணத்தை வைத்தார், தட்டு இறங்கவில்லை. துணிக்கட்டுகளை வைத்தார், பொன்னை வைத்தார், கடையில் உள்ளதையெல்லாம் ஏற்றினார், இறங்கவில்லை. கடைசியில் தானும் மனைவியும் பிள்ளையும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நேராயிற்று. பக்திக் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்தேன். வியாபாரத்திலிருந்து பொதுக் காரியத்துக்குப் போகிற ஒருவனுக்குச் சொல்ல வேண்டிய கதையும் இதுதான் என்று இப்போது படுகிறது. ஒன்றுமில்லாதவன் நம்பிக் கொடுத்து வைத்த ஒரு முழத் துணிக்கு, அதுவரை சம்பாதித்த எதுவும் ஈடாகாது. தராசில் தானே ஏற வேண்டும்.

அந்த இளைஞரிடம் இரண்டு காரியம் கேட்டேன். ஜெயித்தால் அவருடைய நான்கு கடைகளுக்கும் மாநகராட்சிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருக்கக் கூடாது. கடைகளைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டாவது, வார்டில் வரி வசூல் மிகக் குறைவாக உள்ள தெருக்கள் எவை என்று அவருக்கே தெரியும். முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் ஒழுங்காக வராத தெருக்களும் அவையேதான். முதல் வருஷ வேலை அங்கே தொடங்க வேண்டும். கடைகளைத் தம்பியிடம் விட உடனே சம்மதித்தார். இரண்டாவதில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். "வரி கெட்டாத தெருவுக்கு எத்தன நாளு அண்ணாச்சி தண்ணி விடுகது?" என்கிறார். கட்டாவிட்டாலும் விட வேண்டும் என்கிறேன். நாளை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.